அப்பா பேசாத தவசு காலம்

டிங்சர் வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஒரு ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் நின்றுகொண்டிருப்பது போலிருக்கும். போலாரத்தின் காலைக் குளிரில், ராணுவக் குடியிருப்புகளின் நீண்ட மதில்களையொட்டி அந்த ஸ்கூட்டர் போகும்போது, என் இரண்டு பக்கமும் சேசையா அங்கிளின் கைகள் வேலி போல நீண்டிருக்கும். அவருக்குப் பின்னால், கட்டுப்போட்ட வலது காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். வண்டியில் மூன்று பேர் இருந்தோம். பேசியது நான் ஒருத்திதான்.

அப்பாவும் சேசையா அங்கிளும் பிழைப்புக்காகத் தெலுங்கு நாட்டுக்கு வந்து, சனத்நகரில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தார்கள். அப்பா லால்குடிக்காரர், ஃபிட்டர். அங்கிள் தூத்துக்குடிப் பக்கம், கிரேன் ஓட்டுபவர். அப்பாவைவிட வயதில் இளையவர், மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு லோத்குண்டாவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். எங்கள் சர்ச்சின் ஞாயிறு மாலைத் தமிழ்ப் பூசைக்கு வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அவ்வளவு நெருக்கம். ஒரு மழைக்கால மதியம், சங்கிலியில் தொங்கிய பெரிய இரும்பு வார்ப்பு ஒன்றை அப்பா கீழே நின்று கையால் திசை காட்டிக்கொண்டிருக்க, யாரோ கூப்பிட்டார்களென்று மேலே கிரேனில் இருந்த அங்கிள் திரும்பிய ஒரு கணத்தில் அவர் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. வார்ப்பு அப்பாவின் காலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அப்பா, கை தவறிவிட்டது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கிளின் வேலை பிழைத்தது அதனால்தான். ஆனால் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "அவன் பொழப்பு கெடக்கூடாது, சரி. அதுக்காக அவன் மூஞ்சியில முழிக்கணும்னு இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

காயம் முழுதாக ஆறுவதற்கு முன்பே அப்பா வேலைக்குத் திரும்பினார். அந்த முதல் நாள் காலை, எங்கள் வாசலுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு, தலையில் மஃப்ளர் கட்டிய சேசையா அங்கிள் நின்றிருந்தார். லோத்குண்டாவிலிருந்து சனத்நகர் போகிறவருக்குப் போலாரம் நேர் எதிர்த் திசை. கூப்பிடவும் இல்லை, மணி அடிக்கவும் இல்லை. சும்மா நின்றார்.

"அந்தத் தம்பி விடிஞ்சதுலேருந்து நிக்குது. ஏறிப் போங்க" என்றாள் அம்மா.

"நான் பஸ்ல போறேன்."

"பஸ்ல எவனாவது அந்தக் கால மிதிச்சா?"

அப்பா போய் ஏறிக்கொண்டார். என் பள்ளிக்கூடம் லோத்குண்டாவில், போகிற வழியில் இருந்ததால் என்னையும் முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். அன்று தொடங்கியது என் உத்தியோகம்.

"பாப்பா, மெதுவாப் போகச் சொல்லு" என்பார் அப்பா பின்னாலிருந்து. அங்கிளுக்கு அது காதில் விழாமலா இருக்கும்? ஆனாலும் நான் சொல்லும்வரை காத்திருப்பார்.

"அங்கிள், மெதுவாப் போகணுமாம்."

"சரி அண்ணாச்சின்னு சொல்லுட்டி."

"சரி அண்ணாச்சியாம்ப்பா."

சாலையில் பள்ளம் இருக்கிறது, மழை வரும் போலிருக்கிறது, சாயங்காலம் ஓவர்டைம் உண்டா என்று எல்லாமே என் வழியாகப் போய்வந்தன. எனக்கு ஒரே பெருமை. என்னைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு நீங்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று ஒருமுறை அங்கிளிடமே கேட்டேன். "என்னத்தப் பேச, சனத்நகர் வரைக்கும் காத்துதான் பேசும்" என்றார் சிரித்துக்கொண்டே.

அம்மா இதற்குள் நுழையாமல் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். அப்பாவின் சாப்பாட்டுக் கேரியரோடு அங்கிளுக்கும் ஒரு டப்பா கட்டி, இரண்டையும் ஒரே பையில் வைத்து அப்பாவின் தோளில் மாட்டினாள். "இத எதுக்கு நான் சுமக்கணும்?" என்று அப்பா கேட்டதற்கு, "அவருதான் உங்களையே சுமந்துட்டுப் போறாரே" என்றாள்.

அப்பா இரக்கமில்லாத மனிதர் இல்லை. தெருநாய்க்குக் கூடத் தட்டில் ஊற்றித்தான் வைப்பார். கடவுளிடம் மன்னித்துவிட்டதாகச் சொல்லியாகிவிட்டது என்பது அவருடைய கட்சி. "ஆண்டவர்கிட்ட சொன்னது அவருக்குக் கேட்டுருக்கும். வெளியில நிக்கிற மனுஷனுக்குத்தான் இன்னும் கேக்கல" என்பது அம்மாவின் பதில். மாலையில் செபமாலை சொல்லும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை மன்னிப்பது பற்றிய இடம் வந்தால் அப்பாவுக்குத் தவறாமல் இருமல் வரும். அம்மா அந்த இருமல் முடியும்வரை நிறுத்தி, அவர் தொண்டையைச் செருமிக்கொண்ட பிறகு அதே வரியை முதலிலிருந்து தொடங்குவாள்.

இப்படியே மழை போய், பனி போய், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் "சுத்தபோசனம்" என்று கறியும் மீனும் இல்லாமல் சாப்பிட்ட அந்த வாரங்களில்தான் நான் "புதுநன்மை"க்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கப்போகிற பிள்ளைகளுக்குப் பூசையில் வேறு எதிலும் கவனம் இருக்காது. யார் எப்படிக் கைகூப்புகிறார்கள், யார் நாக்கை எவ்வளவு நீட்டுகிறார்கள் என்பதுதான் எங்களுடைய ஆராய்ச்சி. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சேசையா அங்கிள், நன்மை என்கிற அந்த அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு வாரம் அல்ல, எல்லா வாரமும்.

ஒரு சனிக்கிழமை அப்பா, ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்த புண்ணுக்குக் கட்டு மாற்ற டிஸ்பென்சரிக்குள் போயிருந்தார். நானும் அங்கிளும் வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தோம். கேட்டுவிட்டேன்.

"அங்கிள், நீங்க ஏன் நன்மை வாங்கறதில்ல?"

அவர் சற்று நேரம் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

"பாவசங்கீர்த்தனம் எல்லாம் பண்ணியாச்சுட்டி. சாமியாரும் ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னுதான் சொன்னாவ. ஆனா எந்திரிச்சுப் போவ காலு வர மாட்டேங்கு. அண்ணாச்சி அந்தக் கால இழுத்துகிட்டு முன்னால போறாவ. அவிய எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டுப் பின்னால போயி நிக்க? அவிய பேசட்டும். அப்புறம் போறேன்."

இதை அப்பாவிடம் சொல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. எத்தனையோ மாதங்களாகச் செய்தி சுமந்து பழகியிருந்த எனக்கு அது இன்னொரு செய்தி. அன்று மாலை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். சோறு மிச்சமிருக்கும்போதே எழுந்து கைகழுவினார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, அம்மாவிடம், "என்னைக் கொண்டுபோய் எங்க நிறுத்தியிருக்கான் பாத்தியா லூர்து? பீடத்துக்கு முன்னால, குறுக்க" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலேயே கேட்டாள். "அவரா நிறுத்தினாரு?"

மறுநாள் பூசையில் எல்லோரும் நன்மைக்கு எழுந்தபோது நான் வழக்கம்போலப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அங்கிள் உட்கார்ந்திருந்தார். நடுப் பெஞ்சில், ஊன்றி நடக்கும் கம்பை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவும் உட்கார்ந்திருந்தார். அன்று அவரும் எழவில்லை. அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தனியே நடந்து போனாள்.

திங்கட்கிழமை காலை போலாரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கிள் என்ஜினை அணைத்தார். எங்களுக்குப் பின்னால் ஆட்டோக்களும் பால்கேன் சைக்கிள்களும் ஒரு ராணுவ லாரியும் வந்து சேர்ந்தன. அப்பா வண்டியிலிருந்து இறங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றார்.

"சேசையா."

அந்தப் பெயரை அப்பாவின் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அங்கிள் என்னை இறக்கிவிட்டு, ஸ்டாண்டு போட்டு, மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு எங்கடா பாத்துக்கிட்டிருந்தே?"

அவ்வளவுதான், மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டது. அப்பா கத்தினார். அப்படி அவர் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. "மேல நீ இருக்கேங்கிற தைரியத்துலதானேடா கீழ நின்னேன்! வேற எவனா இருந்தாலும் தள்ளி நின்னுருப்பேன்டா! வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றதா மாதாவுக்கு நேர்ந்திருந்தேன், தெரியுமா உனக்கு? இப்ப எதை வச்சுடா நடப்பேன்?" நடுவில் சரக்கு ரயில் வந்துவிட்டது. அது போய்முடியும்வரை அப்பாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரயில் கடந்ததும் பாதி வாக்கியத்திலிருந்து அவர் குரல் மறுபடி மேலே வந்தது. அங்கிள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கண்ணீர் வழிய, "ஆமா அண்ணாச்சி, ஆமா அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட் தூக்கிவிட்டார்கள். பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "கைக்கு லட்ரை மியாங், கேட் குல் கயா!" என்று எதற்குச் சண்டை, கேட் திறந்தாயிற்று என்று சத்தம் போட்டார். அப்பா திரும்பி, "ஏக் மினிட் பாய், நக்கோ சில்லாவ்!" என்று அவரைக் கத்த வேண்டாமென்று தானே கத்தினார். அதில் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. கம்பில் சாய்ந்துகொண்டு, குரலை இறக்கி, அங்கிளிடம் சொன்னார்.

"உன்னைப் பாத்தா எனக்குக் கோவம் வரத்தான் செய்யுது. நாளைக்கும் வரும். அதுக்காக நீ ஆண்டவர விட்டுட்டு ஒதுங்கி உக்கார வேணாம். ஞாயித்துக்கிழமை நீ எந்திரிச்சுப் போ. நான் உன் பின்னாலதான் வருவேன். இப்ப வண்டிய எடு, பாப்பாவுக்கு நேரமாச்சு."

சொன்னபடியே செய்தார். அந்த ஞாயிறு அங்கிள் முன்னால் போக, அவருக்குப் பின்னால் காலை இழுத்துக்கொண்டு அப்பா போனார். கோபமும் சொன்னபடியே மறுநாளும் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. ஆனால் இப்போது அது நேராகவே போனதால் எனக்குத்தான் உத்தியோகம் போயிற்று. அடுத்து வந்த வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அங்கிள் லீவு போட்டு, தஞ்சாவூரிலிருந்து அப்பாவுக்குப் பதிலாக அவரே நடந்தார். பஸ்ஸில் முன்னதாகப் போய்விட்ட அப்பா, கோயில் வாசலில் அவருக்காக இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொப்புளம் வெடித்த காலோடு வந்தவரைப் பார்த்து, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டாராம். இருவரும் சிரித்துவிட்டார்களாம்.

அங்கிள் பிறகு குடும்பத்தை அழைத்து வந்து லோத்குண்டாவிலேயே தங்கிவிட்டார். அப்பாவின் கடைசி வருடங்களில் மறதி வந்தது. முதலில் தெருக்கள் மறந்தன, பிறகு சனத்நகரே மறந்தது, பிறகு ஆட்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்து அங்கிள் வந்து எதிரே உட்காருவார். அப்பா தன் வலது காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் காலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

"நான்தான் அண்ணாச்சி. கிரேன்ல இருந்து இரும்பப் போட்டுட்டேன்."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்ப்பார். "வேணும்னேவா போட்டே?"

"இல்ல அண்ணாச்சி. கவனமில்லாமப் போச்சு."

"அப்புறம் என்ன, விடு. சாப்டியா?"

அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். ஒருமுறை பொறுக்கமாட்டாமல் அங்கிளைத் தனியே கூப்பிட்டு, ஏதோ அடிபட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் போதாதா, எதற்கு வாராவாரம் இப்படி என்று கேட்டேன். "கேக்கவியகிட்ட உள்ளதச் சொல்லாண்டாமா?" என்றார்.

அப்பா போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். சனத்நகர்ப் பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. ஞாயிறு மாலைத் தமிழ்ப் பூசைக்கு இப்போது கணினி வேலைக்கு வந்த இளம் குடும்பங்கள்தான் நிறைய வருகின்றன. அவர்களுடைய பிள்ளைகளும் என் மகளும் பெஞ்சில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கிசுகிசுத்துக்கொள்கிறார்கள். சேசையா அங்கிள் மட்டும் இன்னும் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

போன ஞாயிறு அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பல நாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன். தனக்குச் செய்த தப்பே ஞாபகமில்லாமல், கேட்டவுடன் மன்னித்து, சாப்பிட்டாயா என்று விசாரிப்பது. கடவுளின் அன்பு என்று ஞானோபதேச வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்தது அப்படித்தான் இருக்குமென்று அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றேன்.

அங்கிள் டம்ளரைக் கீழே வைத்தார். தலையை மெல்ல அசைத்தார்.

"ஆண்டவருக்கு அது லேசா இருக்கும் பாப்பா. கடைசியில அண்ணாச்சி சொன்னது மறதியில சொன்னது. அன்னைக்கு ரயில்வே கேட்டு பக்கத்துல நின்னு, என்ன நடந்துச்சுன்னு அம்புட்டையும் நெனப்புல வச்சிகிட்டு, வாய் நிறைய ஏசிபோட்டுச் சொன்னாவல்லா, நீ எந்திரிச்சுப் போன்னு. நான் பொழச்சது அதுலதான்."