நான்காம் மாடியில் வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மலேசியாவின் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டோ என்ற சொல்லே புதிதாக இருந்த எண்பதுகளில் நான் காப்புறுதி ஏஜெண்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சரோஜா அக்கா போன் செய்தார்.

"தம்பி, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க லா. கீழ் வீட்டு சீலிங் ஒழுகுதாம். வோங் அக்கா வந்து வாசல்லயே நிக்கிறாங்க."

சரோஜா அக்கா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். கணவரின் சேமநிதிப் பணத்தில் நான்காம் மாடியில் வீடு வாங்கியிருந்தார். நான் போனபோது தரை முழுக்கத் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே இருந்த சுண்ணாம்புமலை அதில் தலைகீழாகக் கிடந்து மெல்ல ஆடியது. சாம்பிராணிப் புகை அந்த மலைமேல் மேகம்போல் நகர்ந்தது. வந்த வேலையை மறந்து எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எனக்கு இந்தக் கிறுக்கு அப்போதே உண்டு.

"தம்பி, தூங்குறீங்களா?" என்றார் அக்கா.

கீழ் வீட்டு வோங் அக்கா தையல்காரர். வாடிக்கையாளரின் கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த பட்டு உடைகள் நனைந்து சாயம் ஓடிக் கிடந்தன. காப்புறுதிக் கம்பெனி கைவிட்டால் சரோஜா அக்கா மகளுக்கென்று வைத்திருந்த நகையை விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும்.

கட்டடத்துக்கு நிர்வாகம் எடுக்கும் காப்புறுதி சுவரோடும் பொதுக் குழாயோடும் நின்றுவிடும். வீட்டுக்குள் இருப்பதற்கு நான்தான் அக்காவுக்குத் தனிப் பாலிசி விற்றிருந்தேன். குழாய் வெடித்தால்தான் கம்பெனி பணம் தரும் என்ற நினைப்பில், பெரிய மேதாவிபோல் யோசனை சொன்னேன். "அக்கா, கம்பெனி ஆளு வந்து கேட்டா பைப்பு வெடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க."

திங்கட்கிழமை சேதம் மதிப்பிட சிவபாதம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிரிக்கவே மாட்டார்.

"தண்ணி எப்பிடி வந்தது அம்மா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீடு கழுவுனேன் ஐயா. வெள்ளிக்கிழமைல்ல, ஆறு வாளி ஊத்துனேன். தோட்டத்து வீட்ல ஊத்துனா வாசல் கால்வாய்க்குப் போயிரும். இங்க எங்க போவும்னு எனக்குத் தோணவே இல்ல."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சிவபாதம் ஐயா குழாய்களைத் தட்டிப் பார்த்தார். ஒன்றிலும் கசிவில்லை. பிறகு எழுதிக்கொண்டே சொன்னார்: "தெரியாமல் அடுத்த வீட்டுக்குச் செய்த சேதம். இந்தப் பாலிசியில் அதுக்கு இடமிருக்கு. கீழ் வீட்டுக்காரிக்குக் கம்பெனி குடுக்கும். குழாய் வெடிச்சதெண்டு சொல்லியிருந்தால், பொய்க்காகவே முழுக்கத் தள்ளியிருப்பன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஐயா காலில் விழலாம் போலிருந்தது.

படியிறங்கும்போது ஐயா என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீர் விக்கிற பாலிசியை ஒருக்காலாவது வாசிச்சிருக்கிறீரோ?"

நேரே கிந்தா ஆற்றங்கரைக்குப் போய் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். மரநிழலில், ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, ஒன்பது வருடமாக ஊர் முழுக்க விற்றுக்கொண்டிருந்த அந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.