கேட்க ஆளில்லாத சர்வர்

சென்ற வெள்ளிக்கிழமை அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரி. டீயை வாங்கிக்கொண்டு திரும்பினால், முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, பத்தி எழுதறவரு நீங்கதானுங்களே? சர்வர் மாத்துனதப் பத்தி எழுதியிருந்தீங்களே... ஒரு நிமிசங்கூட கம்பெனி நிக்காம மாத்திப்போட்டீங்களாமா! கலக்கிட்டீங்க போங்க!”

சிரித்து வைத்தேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவர் படித்தது பாதிக் கதை. அதை எழுதியபோது எனக்கும் பாதிதான் தெரியும். மீதியை எழுதாமல் விட்டுவிடலாமா? யார் கேட்கப்போகிறார்கள்? – இப்படியெல்லாம் யோசித்தேன். அந்த மனிதர் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்தி எழுதுவது எனக்கு வாரத்தில் ஒருநாள் வேலை. மற்ற நாட்களில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐ.டி. மேனேஜர். திருப்பூரில் தையல் யூனிட், பெருமாநல்லூர் தாண்டி ஒரு ஸ்பின்னிங் மில், மில்லுக்குப் பின்னால் பெண் தொழிலாளர்களுக்கு ஹாஸ்டல்.

இத்தனைக்கும் கணக்குப் பார்ப்பது எங்கள் சர்வர் அறையில் இருக்கும் சில பெரிய பெட்டிகள்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பல கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர்கள். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக லைன் வீடுகள் இல்லையா, அதுபோல. ஒரு வீட்டில் சம்பளக் கணக்கு, அடுத்த வீட்டில் அட்டெண்டன்ஸ், அதற்கடுத்து பேக்கிங் பார்கோடு.

பெட்டிகள் பழசாகிவிட்டன. புதுசு வாங்க வேண்டும், குடியிருப்பவர்களை ஒவ்வொருவராக அங்கே குடிமாற்ற வேண்டும். நல்ல திட்டம் என்றால் அதற்கு முன்பே வேண்டாதவற்றைக் கழித்துவிட வேண்டும். வீடு மாறும்போது உடைந்த மிக்ஸியையும் தூக்கிக்கொண்டா போவோம்?

எது யாருக்கு வேண்டும் என்று எல்லா டிபார்ட்மென்ட் தலைகளுக்கும் மெயில் போட்டேன். எல்லாரும் பதில் போட்டார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. அதன் பெயர் ‘டெஸ்ட்-ஓல்டு’. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் உருவாக்கியது. அவர் பெங்களூருக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெயரிலேயே டெஸ்ட் இருக்கிறது, ஓல்டும் இருக்கிறது, அப்புறம் என்ன?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமான கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிவிட்டுக் காத்திருப்போம். யாராவது கத்தினால் திரும்பப் போடுவோம். கத்தாவிட்டால் தேவையில்லை என்று அர்த்தம்.

மீட்டிங்கில் என்னோடு வேலை பார்க்கும் கவிதா கேட்டாள். “ஹாஸ்டலுக்கு மெயில் போட்டீங்களா சார்?”

“ஹாஸ்டலுக்கு ஏதும்மா மெயில் ஐ.டி.?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கவிதாவும் சிரித்தாள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

ஆஃப் பண்ணினோம். காத்திருந்தோம். யாரும் கத்தவில்லை.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிமாற்றம் முழுவதும் நடந்தது. எதுவும் நிற்கவில்லை. எம்.டி. கூப்பிட்டுக் கை கொடுத்தார். டீமுக்கு பிரியாணி. அந்தப் பூரிப்பில்தான் இங்கே பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பத்தி வெளியானதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, மில்லில் எச்.ஆர். பார்க்கும் வனிதா போன் செய்தார்.

“சார், ஹாஸ்டல் போனு ரெண்டு மாடியிலயும் செத்துக் கெடக்குதுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?”

“அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க. எலக்ட்ரீஷியனக் கேளுங்க.”

போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற கவிதாவின் முகம் மாறியது. “சார்... அந்த டெஸ்ட்-ஓல்டு?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்து, பழைய பெட்டியில் இன்னும் அழிக்காமல் கிடந்த அதை ஆன் பண்ணினாள். கொஞ்ச நேரத்தில் வனிதாவே திரும்பக் கூப்பிட்டார்.

“வந்துருச்சுங்க சார்! ரிங்கு போகுது!”

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

ஹாஸ்டலில் மாடிக்கு ஒரு போன் உண்டு. எடுத்தாலே மில் நர்ஸுக்கு மணி அடிக்கும். நர்ஸ் இல்லாவிட்டால் டிரைவருக்கு. அவரும் இல்லாவிட்டால் எச்.ஆருக்கு. இதையெல்லாம் வரிசையாகத் திருப்பிவிடும் வேலையைச் செய்துகொண்டிருந்ததுதான் நான் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்.

முந்தைய நாள் மதியம், பானு என்ற பெண்ணுக்கு மூச்சிரைப்பு வந்திருக்கிறது. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவளுக்கு அடிக்கடி வருவதுதான், ஆனால் அன்றைக்கு நிற்கவே இல்லை. செல்போன்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது ஹாஸ்டல் விதி. பீரோ சாவியோடு வார்டன் சாமளாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பானுவின் அறைத்தோழி செல்வி மாடி போனை எடுத்திருக்கிறாள். சத்தமே இல்லை. கீழ் மாடிக்கு ஓடி அங்கே எடுத்திருக்கிறாள். அங்கேயும் இல்லை. செருப்புக்கூடப் போடாமல், கொதிக்கிற வெயிலில் மில்லைச் சுற்றிக்கொண்டு மெயின் கேட்வரை ஓடி, வாட்ச்மேனிடம் சொல்லி, அவர் ஆட்டோ பிடித்து... பானுவைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உதடெல்லாம் நீலமாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார்.

பிழைத்துக்கொண்டாள்.

எம்.டி. அறைக்குப் போனேன். விஷயம் அவருக்கு ஏற்கெனவே போயிருந்தது.

“வார்டன வேலைய விட்டு அனுப்பிச்சறலாமுங்க. சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணத்துக்குப் போனா எப்படிங்க?” என்றார்.

ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி! இதை எழுதத்தான் கை இவ்வளவு கூசுகிறது. ஒரு பெண் சாகப்பிழைக்கக் கிடந்திருக்கிறாள், எனக்கு நிம்மதி.

பிறகு எப்படியோ வாய் வந்தது. “வார்டன் இருந்திருந்தாலும் அந்தப் போனு அடிச்சிருக்காதுங்க. அத ஆஃப் பண்ணுனது நானுங்க.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இத அந்தப் புள்ளைககிட்டப் போயிச் சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“என்ரகிட்ட எதுக்குங்க வந்தீங்க? மொதல்ல அங்க போங்க.”

புதன்கிழமை பானு ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். விசிட்டர்ஸ் அறையில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார்கள். செல்வி தூத்துக்குடிப் பக்கம். காலில் கட்டு, வெயிலில் ஓடியதில் வந்த கொப்புளமாக இருக்கும்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாயிலிருந்து முதலில் என்ன வந்தது தெரியுமா?

“போன் வேலை செய்யலைன்னா ஆபீஸுக்குச் சொல்லியிருக்கலாமேம்மா?”

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாத முகம்.

“எதுல சார் சொல்ல? சொல்லுததுக்குத்தான அந்தப் போனே இருக்கு.”

இத்தனை வருட சர்வீஸில் எந்த ஆடிட்டரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. யாரும் கத்தவில்லை என்று எவ்வளவு தைரியமாக முடிவு செய்தோம்! அவர்கள் வாயைப் பொத்திவிட்டல்லவா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்?

அதற்குள் பானு, இன்னும் இரைக்கிற குரலில், “சார், போன சரி பண்ணிக் குடுத்தது நீங்கதான்னு வனிதா அக்கா சொன்னாங்க. ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றாள். கையைக் கூப்பினாள்.

வாழ்க்கையில் இவ்வளவு கூனிக்குறுகி நான் நின்றதில்லை. பழப் பையை மேஜைமேல் வைத்தேன்.

“சரி பண்ணினது நான் இல்லம்மா, கவிதாங்கிற பொண்ணு. கெடுத்ததுதான் நான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், மீட்டிங்கில் சிரித்தது உட்பட. சிரித்ததைச் சொன்னபோது பானு தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவை எம்.டி.யின் திட்டுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொண்டிருப்பேன்.

“மன்னிச்சிருங்கம்மா” என்றேன்.

மன்னித்தேன் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

செல்விதான் பேசினாள். “அப்ப ஒங்க நம்பரத் தந்துட்டுப் போங்க சார்.”

மாடிக்கு மாடி போய், போனுக்கு மேலே சுவரில் மார்க்கரால் என் நம்பரைப் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன். வார்டன் வேலையில்தான் இருக்கிறார். செல்போன் பூட்டுகிற விதி மட்டும் போய்விட்டது – எம்.டி. அன்றைக்கே எடுத்துவிட்டார். போன் இருக்கிறது, செல்போனும் இருக்கிறது, இனி யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கூப்பிடுகிறார்கள். கீஸர் வேலை செய்யவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, டி.வி.யில் சன்னமான கோடு... எதுவும் என் டிபார்ட்மென்ட் இல்லை. எல்லாவற்றுக்கும் எடுக்கிறேன்.

நேற்று மதியம் சாப்பிட உட்காரும்போது ஒரு கால். மெஸ் சாம்பாரில் உப்பே இல்லையாம். கிளம்பிப்போய் ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்தேன்... இல்லைதான்!