ஸ்பேனர் முடுக்காமல் விட்ட பெட்டி

பஸ் பணிமனையில் அவருக்குப் பெயரே ஸ்பேனர்தான். ஆடுகிற எதைக் கண்டாலும் கை அரிக்கும் மனுஷன். வீட்டில் கதவுக் கீல், நாற்காலிக் கால் எல்லாம் முடுக்கித் தீர்ந்து, மனைவியின் மூக்குக்கண்ணாடியையும் முடுக்கி உடைத்த புண்ணியவான்.

அந்த மனைவிக்குத்தான் ஆறு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு சிடி தந்தார். அதிலிருந்து ஒரு குரல் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லும், இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் கீழ்வீட்டில் அச்சகம். மிஷின் ஓடினால் தரையே அதிரும், சிடி பிளேயர் குதிக்கும். "தண்ணீர்" பாதியில் அறுந்து "ஜன்னல்" என்று தாவிவிடும். தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்து அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். நாலு நாளாக ஒரு முனகல்கூட இல்லை. இனி பேசவே மாட்டாளோ என்று ஸ்பேனர் பயந்துபோனார்.

"ஆடுதா? ஆட விட்டாத்தானே!" என்று பிளேயரைச் சுவர்ப் பலகையில் வைத்து, இரும்புப் பட்டை போட்டு, நாலு நட்டு முடுக்கினார். ஐயோ, முன்னைவிட மோசம்! சுவரின் அதிர்வெல்லாம் நேரே உள்ளே போனது. அவரோ இன்னும் அரைச் சுற்று முடுக்கினார். வேறென்ன தெரியும் அவருக்கு?

மறுநாள் வேலை முடிந்து வந்தால் பலகை காலி. நட்டைக் கழற்றி, பிளேயரை மடியில் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் மகராசி. கீழே மிஷின் ஓடுகிறது, குரல் பிசிறில்லாமல் வருகிறது. அவரைப் பார்த்து ஒரு முறைப்பு வேறு.

"அட, என் மடத்தனமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தனை பெரிய பஸ் இன்ஜினையே தினமும் ரப்பர் மேல்தானே உட்கார வைக்கிறார்!

பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டினார். அதன் மேல் கனமான கல்பலகை, கல்லின் மேல் பிளேயர். குதிப்பு நின்றது. நடுநடுவே கிர்ரென்று ஓர் இரைச்சல். பக்கத்தில் கிடந்த தன் போனின் சிக்னல்தான் என்று அதைத் தள்ளி வைத்தார், இரைச்சலும் நின்றது.

சிடியை நிறுத்தினார். ஆனால் கை சும்மா இருக்குமா? தொட்டதும் பிளேயர் பெட்டி லேசாக ஆடியது. மெல்ல அந்தப் பட்டையையும் நட்டுகளையும் எடுத்தார்.

"வே... வேண்டாம்."

திடுக்கிட்டுத் திரும்பினார். சிடி அப்போது ஓடவே இல்லை.

"என்ன சொன்ன?"

"வேண்டாங்க... விடுங்க."

கையிலிருந்த நட்டு விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. "விட்டுட்டேன் தாயே, விட்டுட்டேன்" என்றவருக்கு அழுகை பொங்கியது. முப்பது வருஷத்தில் கீழே விழுந்த நட்டை அவர் தேடாமல் விட்டது அன்றைக்குத்தான்.