அத்தானை எழுப்பிவிட்ட தூண்

என் அக்காள் வீட்டுக்காரர் ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகும் அவர் இறங்கவில்லை. சீட்டுக்குப் பதில் பிரம்பு நாற்காலி, அவ்வளவுதான். மாடி ஜன்னலோரம் அதைப் போட்டு, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரியே முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருப்பார். சாப்பாடும் அதில்தான், தூக்கமும் அதில்தான்.

எதிரே இருக்கும் பிளைவுட் கிடங்கு அடியேனுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எந்தக் கிடங்கில் பலகை சுமந்தேனோ அதையே விலைக்கு வாங்கினேன். சந்தேகம் இருந்தால் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சந்து குறுகல். லாரி பின்பக்கமாகத்தான் வாசலுக்குள் வர வேண்டும். அத்தான் நாற்காலியிலிருந்தே குரல் கொடுப்பார். "வா... வா... ரைட்ல ஒடி... நேராக்கு!" டிரைவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் வாயையே நம்பினார்கள்.

இதற்கிடையில் அவர் கால்கள் வீங்கி, செருப்பு நுழையாமல் போயிற்று. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"ஐயா, இப்படியே உக்காந்திருந்தா கால்ல ரத்தம் தேங்கி உறைஞ்சிடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உசுருக்கே ஆபத்து. அடிக்கடி எந்திரிச்சு நடங்க."

"உக்காந்துக்கிட்டே ஊரெல்லாம் சுத்துனவன்மா நான்!"

அக்காள் என்னிடம் வந்து அழுதாள். "தம்பி, இந்த மனுசன் அந்த நாற்காலியிலயே போயிடுவாருடா."

மூளை என்று ஒன்று ஆண்டவன் எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறான். மறுநாளே கடைப் பெயரைப் பெரிய தகரப் பலகையில் எழுதி, அவர் ஜன்னலுக்கு நேரே நிறுத்தினேன். உட்கார்ந்தால் வாசல் தெரியாது. எழுந்து நின்றால் தெரியும்.

"மச்சான், உன் போர்டு மறைக்குதுய்யா! கழட்டு!"

"கடை பேரு ஊருக்கே தெரியணுங்க அத்தான். நீங்க எந்திரிச்சு நின்னு பாருங்களேன்."

"நானா? எந்திரிக்கவா? சத்தத்தை வச்சே சொல்லுவேன்!"

சொன்னார். அன்று மதியம் பலகை ஏற்றி வந்த லாரிக்கு, கண்ணால் பார்க்காமலே, "வா... வா... இன்னும் வா!" என்றார். அதுவும் வந்தது. என் வாசல் தூண் பாதியாக முறிந்து விழுந்தது.

வெளியே ஓடி வந்து மேலே பார்த்தேன், ஜன்னலில் அத்தானைக் காணோம். நானும் பயந்துபோனேன். பிறகு எதிர்வீட்டுப் படியில் காலடி கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, மூச்சு வாங்க இறங்கி வந்தார் அத்தான்.

"ஏம்ப்பா, கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு? தலை வாரவா?" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே பெரியவரே வா வான்னீங்க?"

"நான் சொன்னா வந்துடுவியா? கிணத்துப் பக்கம் வான்னாலும் வருவியா? முன்னால எடு!"

நடுச்சந்தில் நின்று, கையை ஆட்டி, லாரியை நூல் பிடித்த மாதிரி உள்ளே விட்டார். அன்றிலிருந்து ஹாரன் கேட்டால் நாற்காலி காலி. லாரி வராத நாளிலும், வருகிறதா என்று பார்க்கத் தெருமுனை வரை நடந்தார். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. ஒருநாள் பழைய செருப்பை மாட்டிக்கொண்டே இறங்கினார். அக்காள் மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கொத்தனார் மட்டும் அடிக்கடி வந்து கேட்கிறார், தூணை எப்போது கட்டலாம் என்று. முறிந்த தூண் கண்ணில் படுகிறவரைதான் அவர் தன் வாயை நம்பாமல் இறங்கி வருவார்; அது நிமிர்ந்தால் அத்தான் உட்கார்ந்துவிடுவார். "அப்புறம் பாக்கலாம்ப்பா" என்று அனுப்பிவிடுகிறேன்.

நேற்று அத்தான் என் கல்லா மேசையைத் தட்டினார். "மச்சான், காலையிலேர்ந்து பாக்குறேன், நீ எந்திரிக்கவே இல்ல. வா, முனை வரைக்கும் போயிட்டு வரலாம்."

என்னையா சொல்கிறார்! எழுந்து பார்த்தேன். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.