மடிக்கணினிக்குள் போட்ட வேலி

வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய மடிக்கணினி எனக்கும் அண்ணனுக்கும் பொது. எங்கள் வீட்டில் பொது என்றால் அண்ணனுடையது என்று அர்த்தம். நாங்கள் அகதி முகாமிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பிவந்து, தகரக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறியிருந்த காலம் அது. நான் மன்னார் டவுனுக்குப் போய் புரோகிராமிங் படித்துக்கொண்டிருந்தேன். அவன் மீன்பிடித்துக் கடலால் வந்ததும் ஆட்களைச் சுட்டுத்தள்ளும் கேம் விளையாடுவான். சண்டை முடிந்த ஊரிலும் துவக்குச் சத்தம் கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

அவனுடைய கேமுக்கு விண்டோஸ் வேண்டும். என் வகுப்பில் எல்லாம் லினக்ஸ். அதனால் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விண்டோஸை விட்டு, மறுபாதியில் லினக்ஸைப் போட்டேன். திறக்கும்போது எது வேண்டும் என்று மெஷினே கேட்கும். இதைவிட நியாயமாக யாராலும் பங்கு பிரித்திருக்க முடியாது.

ஆனால் அண்ணனுக்குப் பங்கு என்ற சொல்லே ஆகாது. நாங்கள் முகாமில் கிடந்த நேரம் பக்கத்து வீட்டார் எல்லை வேலியை எங்கள் கிணற்றடி வரை தள்ளிப் போட்டிருந்தார்கள். அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொதிப்போடு இருந்தவன், புதுக் கேம் ஒன்றைப் போட இடம் போதவில்லை என்றதும் என்னைக் கூப்பிட்டான்.

"ஆரைக் கேட்டுப் பிரிச்சனீ? மற்றப் பாதி எங்க?"

சொன்னேன். மாத முடிவில் புரொஜெக்ட் கொடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் டவுனில் பேசி வைத்திருக்கும் வேலை இல்லை, எல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினான்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்து பார்க்கிறேன், லினக்ஸைக் காணவில்லை. கூட்டாளி ஒருவனைக் கூட்டிவந்து என் பாதியை அழித்துத் தன் பாதியோடு சேர்த்திருந்தான்.

"என்ர காணிக்குள்ள ஒருத்தரும் வேலி போடேலாது" என்றான். சிரிப்பு வேறு.

"அவன் ஆம்பிளப் பிள்ளை, நீ விட்டுக்குடன் பிள்ளை" என்றார் அம்மா. எனக்குப் பற்றி எரிந்தது.

திங்கட்கிழமை அவன் கடலுக்குப் போனதும் முழு மெஷினையும் துடைத்தேன். விண்டோஸ், கேம், அவன் மாதக்கணக்கில் ஏறிவந்த லெவல் எல்லாம் போயிற்று. லினக்ஸை மட்டும் போட்டு, பென் டிரைவில் கிடந்த புரொஜெக்டின் பழைய பிரதியை வைத்துத் திரும்ப எழுதத் தொடங்கினேன்.

"என்ர கேம் எங்கயடி?"

"வேலியைப் பிடுங்கினது நீங்கள்தான் அண்ணா. இப்ப முழுக்க என்ர காணி."

கையை ஓங்கினான். அம்மா குறுக்கே வந்துவிட்டார்.

புரொஜெக்டைக் கொடுத்தேன், வேலையும் கிடைத்தது. நெடுநாள் அவன் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

பக்கத்து வீட்டாரின் வேலி இன்றைக்கும் எங்கள் கிணற்றடியில்தான் நிற்கிறது. அதில் நட்ட ஒரு கதியால் கம்பைத் தொடக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை.