அப்பா கைதூக்கிய இடங்கள்

புனே பக்கம் கட்கியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வெளியே வரும் ஒவ்வொருவரையும் வாசலில் தடவிப் பார்ப்பார்கள். இருபது வருஷம் அப்படி நின்று நின்று, காக்கி உடையைக் கண்டாலே அப்பாவின் கைகள் தாமாக மேலே போய்விடும். தபால்காரருக்குக்கூடத் தூக்கியிருக்கிறார். கோயிலில் கைதூக்கிக் கும்பிட்டால், "சாமி ஒண்ணும் சோதனை போடலை, இறக்குங்க" என்பாள் அம்மா.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு விடுமுறைப் பயணச் சலுகை கிடைத்தது. எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். அப்பா அந்தமான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் தங்கை சைக்கிளிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. கப்பல் டிக்கெட் மறுபடி கிடைக்காது, சலுகையும் அந்த வருஷத்தோடு போய்விடும். அம்மா அவளோடு தங்கிவிட்டாள்.

"நான் அழமாட்டேன்க்கா. ஆனா அந்தக் கடல்லேர்ந்து எனக்கு ஒண்ணு கொண்டாரணும்" என்றாள் தங்கை. சத்தியம் செய்தேன். பன்னிரண்டு வயதில் சத்தியம் என்றால் சத்தியம்தான்.

அந்தத் தீவில் காட்டுக்குள் நடந்துதான் கடற்கரைக்குப் போக வேண்டும். அண்ணாந்தால் வானமே இல்லை, இலைதான். வெளிச்சம்கூடப் பச்சையாகச் சொட்டியது. பெரிய புறா ஒன்று எங்கிருந்தோ அடிவயிற்றிலிருந்து கூவியது. பிறகு, அடியில் கண்ணாடி பதித்த படகு. கீழே பவளப்பாறைகள் மான்கொம்பாகவும் விரித்த விசிறியாகவும் மெல்ல மெல்ல வந்து போயின. நகர்வது நாங்களா கடலா என்றே தெரியவில்லை. பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல அவ்வளவு சுகமாக இருந்தது. நடுவில் தங்கை ஞாபகம் சுருக்கென்று குத்தியது.

கரையில் விரலளவு பவளத்துண்டு ஒன்று கிடந்தது. எதையும் எடுக்கக் கூடாது என்ற பலகையைப் படித்துவிட்டுத்தான் எடுத்து, பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

படகுத்துறையில் காக்கிச் சட்டைக் காவலர் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அப்பாவின் கைகள் மேலே போயின. சோதனை விளையாட்டு விளையாடியே வளர்ந்த தொழிற்சாலைக் காலனிப் பிள்ளை நான். என் கைகளும் கூடவே போயின. பவளம் நழுவிக் காலடியில் விழுந்தது. காவலர் சிரித்தபடி அதை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

திரும்பும் கப்பலில் அப்பாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு கோபம்.

வீட்டில் தங்கை பச்சைக் கொசுவலைக்குள் படுத்திருந்தாள். மதிய வெயில் வலைக்குள் அசைந்தது. நுழைந்து பக்கத்தில் படுத்தேன். வெறுங்கையோடு வந்ததைச் சொல்லத் தைரியமில்லாமல், பார்த்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். காடு, புறா, கண்ணாடிக்குக் கீழே கடல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டுப் போடாத கால் லேசாக ஆடியது.

நான் நிறுத்தியபோது வலைக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "மஞ்சள் வால் மீனை விட்டுட்டியே. கூட்டமா வந்து ஒண்ணாத் திரும்பிச்சே." அவரே தொடர்ந்தார். நான் கவனிக்காததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். என் கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை.

தங்கை கண் திறந்தாள். "இவ்வளவையும் வெளிய கொண்டுபோக விட்டாங்களாப்பா?"

அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "நல்லாத்தான் தடவிப் பாத்தாங்க. ஒண்ணும் அகப்படலை."