டைப்பிங் அக்காவின் தாள்கள்

என் முடிவெட்டும் கடைக்கு நேர் எதிரே டைப்பிங் அக்காவின் கடை. ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு மரபெஞ்சு, அவ்வளவுதான். விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், ராஜினாமாக் கடிதம் என்று ஊரின் பாதி ரகசியம் அவர் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. ஒன்றுகூடக் கசிந்ததில்லை. அப்படிப்பட்டவர்தான் தேர்தல் வந்தால் ஊருக்கே தண்டோரா போடுவார்.

வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரங்களை நகராட்சி அலுவலகத்தில் கம்பிவலைக்குப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். படிப்பு, சொத்து, வழக்கு எல்லாம் இருக்கும். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, யார் படிப்பார்கள்? சட்டை வாங்கினால் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாங்கள், ஓட்டை மட்டும் சிரிப்பைப் பார்த்துப் போட்டுவிடுவோம். அப்படி ஜெயிக்க வைத்த ஒருவர் போட்ட தண்ணீர்க்குழாய் ஆறே மாதத்தில் வெடித்தது. இதே மாதிரி வேலைக்காக வேறு ஊரில் அவர்மேல் வழக்கு இருந்ததாம். பத்திரத்தில் அவரே எழுதியும் கொடுத்திருந்தாராம்.

"நம்ம கண்ணு முன்னாடிதாங்க ஒட்டியிருந்தாங்க. தினம் அந்த வழியாத்தான் போனேன். நானும் படிக்கல" என்றார் அக்கா. அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த தேர்தலிலிருந்து அலுவலகத்துக்குப் போய் எல்லாப் பத்திரங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, ஆளுக்கொரு தாளாகக் கடைவாசல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். ஒரு வரி கூடாது, ஒரு வரி குறையாது. என் கடைக்கு வருகிறவர்கள் கன்னத்தில் சோப்போடு அதைப் படித்துவிட்டுச் சண்டை போடுவார்கள்.

மூன்றாவது தடவை அவர் தம்பியே நின்றான்.

அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்து, அவனைப் படிக்க வைத்து, கட்டட கான்ட்ராக்டர் ஆக்கியது அக்காதான். அவன் கல்யாணத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். பத்திரத்தில் 'சார்ந்திருப்போர்' என்றொரு கட்டம் உண்டு, உங்களை நம்பி வாழ்கிறவர்கள் யார் என்று எழுத வேண்டும். தம்பி அதில் 'அக்கா' என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு அக்கா என்னிடம் வந்து சிரித்தார்.

"யாரு யாரை நம்பி இருக்காங்களாம், பாத்தீங்களா? காலையில சட்டை எங்கன்னு என்னைத்தான் கேக்குறான்."

அதே பத்திரத்தில் 'வழக்கு: ஒன்று' என்றும் இருந்தது. அவன் கட்டிய சுவர் இடிந்து ஒரு தொழிலாளிக்குக் கால் முறிந்திருந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தது.

தம்பி கடைக்கு வந்தான். "அக்கா, நான் எதையும் மறைக்கல. பாரத்துல எழுதித்தானே குடுத்திருக்கேன். வேணுங்கறவங்க ஆபீஸ்ல போய்ப் பாத்துக்கட்டும். இங்க அந்த ஒரு வரி மட்டும் வேணாம்."

"மத்த நாலு பேரோடதும் ஆபீஸ்லதான்டா இருக்கு. அதை மட்டும் ஏன் எழுதி மாட்டுறேன்?"

"அவங்களும் நானும் ஒண்ணா உனக்கு?"

அக்கா பெரிய தாளை எடுத்து விரித்தார். நான்கூடச் சொன்னேன், "ஒரு வரிதானேக்கா, விட்டுடுங்க" என்று. சாயங்காலம் ஐந்து தாளும் தொங்கின. அந்த வரியும் இருந்தது.

பதினோரு ஓட்டில் தோற்றான். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரின் அடுத்த கோடிக்குக் குடிபோனான். எதிரே அக்கா இருக்கிறார் என்று முடி வெட்டக்கூட என்னிடம் வரவில்லை. விட்டுப்போன சட்டைகளை அக்கா இஸ்திரி போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். கதவைத் திறந்து பார்த்தவன் வாங்காமல் சாத்திக்கொண்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்காவுக்கு வரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வளர்த்தவ நான். என்மேல கோவப்படாம அவன் வேற யார்மேல கோவப்படுவான்?" என்பார். ஐந்து வருடம் அந்தச் சட்டைகள் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலேயே இருந்தன.

இந்தத் தேர்தலிலும் தம்பி நிற்கிறான். நேற்று மத்தியானம் அலுவலகத்திலிருந்து நோட்டோடு வந்த அக்கா, என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வழக்கு இல்லைன்னு போட்டிருக்கான். விடுதலை ஆயிட்டானாம். எனக்கு ஒருத்தரும் சொல்லல பாருங்க."

முதல் வேலையாக அவன் தாளைத்தான் எடுத்தார். பெயர், படிப்பு, சொத்து, 'வழக்கு: இல்லை' என்று வரிசையாக எழுதினார். அப்புறம் பேனா நின்றது. நான் நோட்டை எட்டிப் பார்த்தேன்.

'சார்ந்திருப்போர்: இல்லை.'

"இது யாருக்கு வேணும்க்கா? இந்த ஒரு வரியை விட்டுடுங்க" என்றேன்.

"அன்னிக்கு அவனுக்கே விடலையேப்பா. இன்னிக்கு எனக்காக எப்படி விடுறது?"

எழுதினார். எழுத்து மற்ற வரிகளின் அளவில்தான் இருந்தது. எப்போதும் எட்டுகிற கம்பிக்கு நேற்று அவர் கை எட்டவில்லை, நான்தான் வாங்கி மாட்டினேன்.